பட்டியலில் இல்லாத சட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிய ஜீப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். உட்கார்ந்திருந்த விதம் வருமாறு:

ஓட்டுநர் இடத்தில் முத்துப்பாண்டி. அவருக்கு இடப்பக்கம் தோட்டத்துச் சூப்பர்வைசர் யோகராஜ். பின்னால் இடப்பக்கப் பலகையில் வாசலை ஒட்டிச் சுந்தரம்மாள், அவளுக்கு அடுத்துப் பவித்ரா, அதற்கடுத்துக் காய் பறிக்கிற பெண்கள் இருவர். எதிர்ப்பலகையில் வாசலோரம் பவித்ராவின் அப்பா பால்பாண்டி, தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். அவரை ஒட்டி இன்னும் இரண்டு பெண்கள். நடுவில், எல்லோருடைய காலுக்கும் இடையில், தூக்குவாளிகளும் பால்பாண்டியின் சாக்குப்பையும்.

மதியம் ஒரு மணிக்கு ஒன்பது எட்டாகிவிட்டது. செடிகளுக்கு நடுவே சுந்தரம்மாள் வியர்த்து ஊற்றி, வாந்தியெடுத்து, நுரை தள்ளி விழுந்தாள். போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில், மலைப்பாதை வளைவு ஒன்றில் மூச்சு நின்றது. பூச்சிமருந்து என்று டாக்டர் எழுதினார்.

மேலே உள்ள பட்டியலை எழுதியவன் நான், சோலைமலை. பதினேழு வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன். இப்போது காளீஸ்வரி மேடத்தின் ஆய்வகத்தில் கடிதம், ரிஜிஸ்டர், டீ மூன்றும் என் பொறுப்பு. மேடம் தடய வேதியியல் படித்தவர். அரசு ஆய்வகத்தின் விஷப் பிரிவில் பத்து வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டுப் போடிக்கு வந்து, ஏற்றுமதி ஏலக்காயில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார். "செத்தவங்க வயித்துல தேடுனதைத்தான் இப்ப காய்க்குள்ள தேடுறேன் அண்ணே. காய் சொந்தக்காரங்க அழமாட்டாங்க, அவ்வளவுதான்" என்பார்.

பவித்ராவும் அதே படிப்பு. முதுகலை கடைசி வருடம். பயிற்சிக்கு எங்களிடம் வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அப்பாவோடு ஜீப்பில் ஏறியது, தோட்டத்திலிருந்து பச்சைக்காய் மாதிரி எடுத்துவர.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்.ஐ. வீரலட்சுமி மாடியேறி வந்தார். தொப்பியை மேஜைமேல் வைத்தார்.

"காளீஸ்வரி, உங்க பொண்ணு எங்க?"

"இப்பத்தான் பஸ்சுக்குப் போனா. எதுக்கு?"

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தோட்டத்து லயத்துல, கூலியாளுங்க தங்குற வரிசை வீட்டுல, சுந்தரம்மா விட்டுட்டுப் போன கூடையைச் சோதனை போட்டேன். வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு டப்பா. அதுல மருந்து. அன்னைக்கே ஆள் விட்டு லேபுக்கு அனுப்பி, இன்னைக்கு மத்தியானம் போன்ல சொல்லிட்டாங்க. மருந்து இருக்கு."

"அதுக்கும் பவித்ராவுக்கும்?"

"போன மாசம் குழாயடியில சண்டை. 'பொணத்தை நோண்டுற படிப்பு படிச்சவளை எவன் கட்டுவான்'னு சுந்தரம்மா கேட்டிருக்கா. 'உங்களுக்கு ஒரு நாள் காட்டுறேன்'னு இவ சொல்லியிருக்கா. ஊரே கேட்டுருக்கு. ஜீப்புல பக்கத்து சீட்டு. படிக்கிறது விஷம். வேற என்ன வேணும்?"

"நானும் பதினேழு வருசமா விவாகரத்து மனு எழுதுனவன் மேடம்" என்றேன் எஸ்.ஐ.யிடம். "என் பொண்டாட்டி இன்னும் என்கூடத்தான் இருக்கா."

வீரலட்சுமி சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பவித்ராவுக்கு அரசுத் தடய ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அதன்பின் போலீஸ் விசாரணை அறிக்கை. முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறிவிட்டால் அந்த வேலை மட்டுமல்ல, அந்தத் துறையில் எந்தக் கதவும் திறக்காது. விஷ வழக்கில் மாட்டியவளிடம் எந்த ஆய்வகம் முத்திரை வைத்த பொட்டலத்தைக் கொடுக்கும்?

மேடம் கேட்டது ஒன்றுதான். "டப்பாவுல மருந்து முழுசா இருந்துச்சா, உடைஞ்சு போயிருந்துச்சா?"

"ரெண்டும் சரிபாதின்னாங்க. அதுல என்ன இருக்கு?"

"நாள் இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"அதுக்கு மேல ஒரு மணி நேரம் கூடத் தரமாட்டேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார் வீரலட்சுமி. போகும்போது இரண்டு காகிதங்களின் நகலை விட்டுப் போனார்: டாக்டர் குறிப்பு ஒன்று, ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்து எடுத்த துணிமணிப் பட்டியல் ஒன்று.

அன்றே மேடம் அந்தத் தோட்டத்துச் சுண்ணாம்பையும் அதே மருந்தையும் ஒரு டப்பாவில் கலந்து மூடினார். சுண்ணாம்பு எப்படி வந்தது என்றால், பவித்ரா மாதிரி எடுத்தபோது அதையும் ஒரு பொட்டலம் கட்டிவந்திருந்தாள். அவளுக்கு எதைக் கண்டாலும் பொட்டலம் கட்டவேண்டும்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேடம் கருவியில் பார்த்தார். பாதி மருந்து அழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, மிச்சத்தில் பாதி.

"சுண்ணாம்பு இந்த மருந்தைத் தின்னுடும் அண்ணே. ஒரு நாளைக்குப் பாதி, மறுநாள் பாதிக்குப் பாதி. செவ்வாய்க்கிழமை ஊத்தியிருந்தா வெள்ளிக்கிழமை லேபுக்காரங்களுக்குப் பருக்கைதான் கிடைச்சிருக்கும். அவங்களுக்குக் கிடைச்சது சரிபாதி."

"அப்ப ஊத்துனது வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை காலையில."

"சுந்தரம்மாவை எரிச்சது புதன்கிழமை" என்றேன். "வியாழக்கிழமை காலையில பவித்ரா ஒன்பது மணிக்கு இங்க கையெழுத்துப் போட்டிருக்கா. தோட்டத்துக்கு ஏறி இறங்க மூணு மணி நேரம் ஆகும். பறந்துதான் வந்திருக்கணும்."

"ரிஜிஸ்டரை நகல் எடுத்து வைங்க."

எடுத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும், ஒன்பது முதல் ஆறு வரை அவள் கையெழுத்து. பக்கத்தில் மாதிரிப் பதிவேடும் அவள் எழுத்திலேயே இருந்தது. நாற்பது வரை எந்தத் தோட்டம், எந்த லோடு என்று வரிசையாக. நாற்பத்தொன்றில் மட்டும் 'யாருடையது' என்ற கட்டம் காலி. பிள்ளை அவசரத்தில் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். பதினேழு வருடத்தில் நான் காலியாக விட்ட கட்டங்களைச் சேர்த்தால் ஒரு கிராமமே குடியிருக்கலாம்.

பவித்ரா தப்பிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். மேடத்தின் முகத்தில் அது இல்லை.

"டப்பா பொய்னா, மருந்து உடம்புக்குள்ள எப்படிப் போச்சு? இரைப்பையில இல்லைங்கிறார் டாக்டர். தோள், முதுகு, ரெண்டு அக்குள்லயும் தோல் வெந்திருக்குங்கிறார். அந்தத் துணிப் பட்டியலை வாசிங்க."

வாசித்தேன். "சேலை ஒண்ணு. ஜாக்கெட் ஒண்ணு. பாவாடை ஒண்ணு. இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் தாள் ஒண்ணு. தலைத்துண்டு ஒண்ணு." நிறுத்தினேன். மறுபடி மேலிருந்து வாசித்தேன். "மேடம், சட்டை இல்ல."

ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண் யாரானாலும் சேலைமேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை ஒன்று போட்டிருப்பாள். புருஷன் சட்டையோ, மகன் சட்டையோ, கிழிந்ததோ. மழைக்கு, அட்டைக்கு, கீறுகிற தழைக்கு. சட்டையில்லாமல் காய் பறிக்கப் போனவளை நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரியே சிலமலைக்குப் போனேன். சுந்தரம்மாளின் மகள் தமிழ்செல்வி கொடியைக் காட்டினாள்.

"அந்தா கெடக்குண்ணே ஆத்தா சட்டை. திங்கக்கிழமை மழையில நனஞ்சுச்சு, காயல. 'ஒரு நாளைக்குத்தானடி, சும்மா போறேன்'னு போயிருச்சு. எடுக்க மனசு வரல."

ஜீப்பில் எதிர்ப்பலகையில் இருந்த கருத்தம்மாள் இரண்டு தெரு தள்ளி. "மேட்டுல ஏறுறப்ப குளிருக்கு எல்லாரும் முக்காடு போட்டுக் கெடந்தோம்யா. நான் எதையும் பாக்கல. எறங்குறப்ப அவ மேல சட்டை இருந்துச்சு. நீலக் கட்டம். அவ விழுந்ததும் காத்துப்படட்டும்னு கழட்டுனோம். பெறகு அது எங்க போச்சுன்னு தெரியாது. வெரசா ஜீப்புல தூக்கிப் போடுற சோலிதான் இருந்துச்சு." சொல்லிவிட்டு உலைப்பானையைப் பார்த்தாள். பார்க்காதவளுக்கு இவ்வளவு விவரமா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேடமும் நானும் மலையேறினோம். சாரல். பால்பாண்டி, காய் உலர்த்தி வைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் டிரம்மில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வாளியில் மயில்துத்தம் நீலமாகக் கரைந்து கிடந்தது. அழுகல் நோய்க்கு அடிக்கிற கலவை. ஒடிசலான மனிதர். பெருவிரல் நகம் நிரந்தரமாக நீலம்.

"வாங்க தாயி. எம்மவளை விட்டுட்டாகளா?"

"இன்னும் பிடிக்கலையே அண்ணே. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். இந்தச் சுண்ணாம்புக் கலவையோட பூச்சிமருந்தையும் சேர்த்து ஒரே அடியா அடிச்சா ஒரு நாள் வேலை மிச்சம்தானே?"

"ஐயோ, கூடாது தாயி!" தொழில் பேச்சு வந்ததும் முதுகு நிமிர்ந்தது. "சுண்ணாம்பு பட்டா மருந்து செத்துப்போகும். பச்சத்தண்ணியை அடிச்ச மாதிரி. இருபது வருசமா அடிக்கிறேன், இது தெரியாதா?"

"தெரிஞ்சவருதான். அப்பறம் ஏன் சுந்தரம்மா டப்பாவுல ஊத்துனீங்க?"

கலக்குகிற கம்பு நின்றது. டிரம்மில் மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்ச நேரம் சுழன்றது.

"வேற எதுல ஊத்த?" என்றார் கடைசியில். "அவ கையில எப்பவும் இருந்தது அது ஒண்ணுதான். போலீசு பத்து மணிக்கு மேல வருதுன்னு யோகராஜ் காலையில சொன்னாரு. அவ சுண்ணாம்பு தீந்தா இந்த டிரம்முலதான் வழிச்சுக்குவா. எப்படியோ மருந்து சிந்திருச்சு, அவ விதின்னு போயிரும்னு நெனச்சேன். யார் மேலயும் வராதுன்னு நெனச்சேன் தாயி. எம்மவ படிப்பு மேல வந்து விடியும்னு கண்டேனா?"

"நீலக் கட்டச் சட்டை?"

"எஞ்சட்டை. சாக்குக்குள்ள மருந்துக் கேனுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். கேன் மூடி வெடிச்சிருந்தது தெரியல. அவ மேல இருந்து கழட்டிப் போட்டப்பத்தான் எடுத்து மோந்து பாத்தேன். அன்னைக்கே காய் உணத்துற அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."

"மருந்துக் கேனை ஏன் வீட்டுல இருந்து கொண்டுவர்றீங்க?" என்று கேட்டேன். "இங்க இத்தனை பெரிய ஸ்டோர் இருக்கே."

"ஸ்டோர்ல வச்சா காய்க்கு நெடி புடிக்கும்யா. ஏலம் விடுற எடத்துல மோந்து பாத்தே கழிச்சுருவாக. 'வீட்டுக்குக் கொண்டுபோயி, காலையில கொண்டா'ன்னு யோகராஜ் உத்தரவு. அஞ்சு வருசமாச்சு."

"காய்க்கு நெடி புடிக்கக்கூடாது" என்றேன். "ஆளுக்குப் புடிச்சா பரவாயில்ல."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார். "சட்டையைச் சுந்தரம்மாவுக்குப் போட்டு விட்டது யாரு?"

"நாந்தான்."

"நீங்க எதிர்ப்பலகையில வாசலோரம். ஜீப்பு வளைவுல ஏறிக்கிட்டு இருக்கு. நடுவுல ரெண்டடிக்குத் தூக்குவாளி. எந்திரிச்சுப் போய்ப் போட்டு விட்டீங்களா?"

பால்பாண்டி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டார். "அந்தக் கெழவி குளிர்ல பல்லு கட்டி ஒக்காந்திருந்தா. சண்டை போட்டவதான். எம்மவ குனிஞ்சு சாக்குல கையை விட்டு எடுத்து, 'போட்டுக்கங்க பெரியம்மா'ன்னு மாட்டி விட்டா. அந்தக் கெழவி அழுதுட்டா தாயி. 'உனக்கு நல்ல மாப்ளை வருவான்டி'ன்னா." முகத்தைத் துடைத்தார். கையில் இருந்த சுண்ணாம்பு கன்னத்தில் ஒட்டியது. "என்னை உள்ள போடுங்க. எரிச்சது நான், ஊத்துனது நான். ஆனா போட்டு விட்டது அவ கைதான்னு அவளுக்குத் தெரிய வேணாம். அவ இதையேதான படிக்கிறா. நாளைக்கு ஒவ்வொரு பொட்டலத்தைத் தொறக்கிறப்பவும் அது முன்னால வந்து நிக்குமே."

அவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பதினேழு வளைவும் இறங்கும்வரை எனக்கு வாயில் ஒரு தமாஷும் வரவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வகத்தில் நுழைந்தபோது பவித்ரா கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கன்னத்துச் சுண்ணாம்பைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"பவித்ரா, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மேடம்.

"வேணாம்க்கா. எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

பதிவேட்டை எடுத்துவந்து எங்கள் முன் விரித்தாள். நாற்பத்தொன்றாவது வரியில் விரல் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை தோட்டத்துல இருந்து எனக்கும் தலைவலி. கண்ணு மங்கல். சாப்பிடப்போறப்ப கையில நெடி. வீட்டுல சோப்புப் போடுறதுக்கு முன்னாடி உள்ளங்கையைப் பஞ்சால துடைச்சு, பாட்டில்ல போட்டு மூடிட்டேன். புதன்கிழமை காலையில இங்க வந்து கருவியில ஓட்டிப் பாத்தேன். அதே மருந்து. பஞ்சு இன்னும் ஃபிரிட்ஜுல இருக்கு." பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "சட்டையிலதான் இருந்துச்சுன்னு புரிஞ்சது. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

"ஏன்டி சொல்லல?" பால்பாண்டி கத்தினார். "போலீசு ஒன்னைய விஷம் வச்சவள்னு ஊர் பூரா விசாரிக்குதே!"

"சொன்னா கேன் யாரோடதுன்னு கேப்பாகப்பா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் ஐந்து நாள் காத்தது, மேஜைமேல் திறந்து கிடந்தது.

மேடம் வரியைத் திரும்பப் படித்தார். தேதி, நேரம், கருவியின் அளவு எல்லாம் சரியாக இருந்தன. பெயர்க்கட்டம் மட்டும் காலி.

"மறைக்கிறதுன்னா எழுதாமலே விட்டிருக்கலாமே."

"எழுதாம இருக்க முடியலக்கா."

"பேரு?"

"அது மட்டும் எழுத முடியல."

மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றார். கீழே ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. அது ஓயும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, கடிதம். காவல் துணைக் கண்காணிப்பாளருக்கு, பதிவுத் தபால்ல. நகல் வீரலட்சுமிக்குக் கையில."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, சுண்ணாம்பு டப்பாவில் மருந்து சேர்ந்த நாள் வியாழன். மரணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊற்றியவர் பால்பாண்டி, ஒப்புக்கொள்கிறார். இரண்டு, மரணம் தோல் வழியாக. காரணம் மருந்து ஊறிய சட்டை. மூன்று, ஐந்து வருடமாகத் தொழிலாளர் துணியோடும் சோற்றோடும் மருந்துக் கேனை ஏற்றி இறக்கச் சொன்னது தோட்ட நிர்வாகம். விசாரிக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். நான்கு, அந்தச் சட்டையை இறந்தவருக்கு அணிவித்தது...

இங்கே என் பேனா கொஞ்சம் தன்னிஷ்டத்துக்குப் போனது. மனு எழுதிய கை. 'உடன் பயணித்த ஒருவர், நல்லெண்ணத்தில்' என்று எழுதி மேடத்திடம் நீட்டினேன். மேடம் படித்துவிட்டுப் பவித்ராவிடம் கொடுத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள்.

"அண்ணே, பேரைப் போடுங்க."

"சட்டப்படி இது போதும் பாப்பா. நீ குத்தவாளி இல்ல. நாளைக்குச் சரிபார்ப்பு இருக்கு, நெனச்சுப் பாரு. தெரியாம செஞ்சதுக்கு..."

"நாளைக்கு அந்த வேலை கிடைச்சா, அங்க வர்ற ஒவ்வொரு காகிதத்துலயும் இந்த மாதிரி 'ஒருவர்'னு இருந்தா நான் ஒத்துக்குவேனா? போடுங்கண்ணே. நாப்பத்தொண்ணுலயும் நானே போடுறேன்."

பால்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். 'அணிவித்தவர்: பா. பவித்ரா, தடய வேதியியல் முதுகலை மாணவி. அவருடைய உள்ளங்கைத் துடைப்பு, மாதிரி எண் 41, இத்துடன் ஒப்படைக்கத் தயாராக உள்ளது.' என் கையெழுத்து இவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை.

மேடம் கையொப்பமிட்டார். நான் காகிதங்களை மடித்து உறையில் போட்டு, மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டினேன். உறை நழுவியது. பிடித்துக்கொள்ளப் பவித்ரா கையை நீட்டினாள்.

"நீ தொடாதே" என்றார் மேடம். "உன் பேரு உள்ள இருக்கு."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். மேடமே உறையைப் பிடித்தார். அரக்கு சொட்டியது. நான் முத்திரையை அழுத்தினேன்.

வீரலட்சுமிக்கான நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நான் ஓடிப்போனபோது கவுன்டரை மூடப் பத்து நிமிடம் இருந்தது. எடை போட்ட பெண் அரக்கைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு சமாச்சாரமாண்ணே?" என்றாள்.

"ஆமா ஆத்தா. பாத்துப் போடு."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். உறைமேல் இரண்டு முறை முத்திரை குத்தி, தேனிக்குப் போகிற பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள்.